கர்ப்ப காலத்தில் மார்பகப் புற்றுநோய்: "இது எத்தனையாவது வாரம்?"

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல மாமா போன் பண்ணினார். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கிராமம், ஊர்ப் பெயர் வேண்டாம். அவர் மருமகளுக்கு நாலாவது மாசம் நடக்குது. இடது மார்பில் இருந்த கட்டியிலிருந்து ஊசியில் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. வீட்டில் ரெண்டு கட்சி ஆயிடுச்சு. பெண்ணின் அம்மா, "எம்பொண்ணு பொழச்சா போதும், கலைச்சுடுங்க" என்று அழுகிறார். அத்தையோ, "புள்ள பொறக்கட்டும், அஞ்சு மாசந்தானே, அப்புறம் வைத்தியம் பாத்துக்கலாம்" என்கிறார்.

"நீதான் எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பியே மாப்ள. தாயா, புள்ளையா? எதைக் காப்பாத்துறதுன்னு சொல்லு."

நான் மருத்துவன் இல்லை. அவரிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். பிறகு தேடிப் படித்தேன், தெரிந்த மருத்துவர் இருவரிடம் கேட்டேன். படித்த பிறகு எனக்குப் பட்டது, மாமா கேட்ட கேள்வியே பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தாத கேள்வி என்பதுதான். கேட்க வேண்டியது வேறொன்று: இப்போ எத்தனையாவது வாரம்?

முதலில் இது எவ்வளவு அரிது என்று பார்ப்போம். உலக அளவில் சுமார் 3,000 கர்ப்பத்துக்கு ஒன்று முதல் 10,000-க்கு ஒன்று வரை என்று சொல்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டமும் சேர்த்து மக்கள் தொகை 13 லட்சத்துச் சொச்சம். ஆயிரம் பேருக்கு ஆண்டில் 13, 14 பிறப்பு என்று வைத்தால் 18,000 பிரசவம் வரும். அப்படியானால் இந்த இரண்டு மாவட்டத்திலும் ஆண்டுக்கு இரண்டிலிருந்து ஆறு பெண்கள். இது என் மனக்கணக்குதான், பதிவேட்டில் எடுத்ததல்ல. ஆனாலும் நிலைமை புரியும். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா தன் வேலைக்காலம் முழுக்க இப்படி ஒரு கேஸைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். பார்த்திராத ஒன்றைச் சந்தேகப்படுவது கஷ்டம்.

அதோடு கர்ப்பத்தில் மார்பு தானாகவே கனக்கும், பெருக்கும், முடிச்சு முடிச்சாகக் கைக்குத் தட்டுப்படும். கட்டி என்று சொன்னால் வீட்டில் வரும் பதில் தெரிந்ததுதான்: "அது பால் கட்டிடி, ஒத்தடம் குடு." நியாயமாகச் சொன்னால் அந்தப் பதில் பெரும்பாலும் சரிதான். கர்ப்ப காலக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. சிக்கல் என்னவென்றால் மீதி உள்ளவையும் அதே பதிலுக்குள் ஒளிந்துகொள்கின்றன. ஆகவே மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு இது: இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு கட்டி கரையாமல் இருந்தால் ஸ்கேன் பார்த்துவிட வேண்டும். வயிற்றில் குழந்தையைப் பார்க்கிற அதே ஒலியலை முறைதான், கதிர்வீச்சு கிடையாது. சந்தேகம் என்றால் கொஞ்சம் தடித்த ஊசியால் சதைத் துணுக்கு எடுக்க வேண்டும். மெல்லிய ஊசியில் வெறும் செல்களை மட்டும் உறிஞ்சிப் பார்த்தால் கர்ப்பத்தால் மாறியிருக்கும் செல்கள் ஆய்வாளரைக் குழப்பிவிடும். துணுக்கை அனுப்பும் சீட்டில் 'கர்ப்பிணி' என்று எழுதியிருக்கிறதா என்று குடும்பமே கேட்டுக்கொள்ளலாம். சின்ன விஷயம்தான், ஆனால் விட்டுப்போகிற விஷயம்.

இனி அந்த இரண்டு கட்சிக்கு வருவோம்.

கலைத்துவிட்டால் நோய் அடங்கும் என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமே ஒரு காலத்தில் இருந்தது. கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன் புற்றுக்குத் தீனி போடும், ஆகவே கர்ப்பத்தை நிறுத்து என்பது வாதம். தொகுத்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை. 2013-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, கர்ப்ப காலத்தில் நோய் கண்ட 311 பெண்களை, கர்ப்பமில்லாமல் நோய் கண்ட 865 பெண்களோடு ஒப்பிட்டது. வயது, நோயின் நிலை எல்லாவற்றையும் கணக்கில் கொண்டு பார்த்தால் உயிர் பிழைப்பதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கருவைக் கலைப்பதால் மட்டும் தாயின் ஆயுள் கூடுவதாக ஆதாரம் கிடையாது. முதல் மூன்று மாதத்துக்குள், வேகமாக வளரும் புற்று, கீமோவைத் தள்ளிப்போட முடியாது என்றால் கலைப்பதைப் பற்றிப் பேச நியாயம் இருக்கு. அப்போதும் அது அந்தப் பெண் எடுக்க வேண்டிய முடிவு.

அத்தையின் 'அப்புறம் பாத்துக்கலாம்' இதைவிட ஆபத்து. காத்திருக்கிற மாதங்களில் கட்டி அக்குளில் நெறிக்கட்டிகளுக்குப் போகும். கர்ப்பத்தோடு வரும் இந்த நோய்க்குக் கெட்ட பெயர் வந்ததே, பல பேர் முற்றிய நிலையில் வந்து சேர்ந்ததால்தான்.

"வயித்துல புள்ள இருக்கும்போது அந்த மருந்தை ஏத்தலாமா?" மாமா இதை மூன்று தடவை கேட்டார். எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. முதல் மூன்று மாதம் கூடாது. அப்போதுதான் குழந்தையின் உறுப்புகள் உருவாகின்றன. 14-வது வாரம் வாக்கில் அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு போன்ற பழைய மருந்துகளைக் கொடுக்கலாம். நஞ்சுக்கொடி வெறும் குழாய் இல்லை. சில மருந்துகளைத் தாயின் ரத்தத்துக்கே திருப்பித் தள்ளும் புரதங்கள் அதில் இருக்கின்றன. பபூன் குரங்குகளில் அளந்து பார்த்தபோது, தாயின் ரத்தத்தில் இருந்த டாக்சோரூபிசினில் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவான பங்குதான் குட்டியின் ரத்தத்தில் இருந்தது. சைக்ளோபாஸ்பமைடு அப்படியில்லை, கிட்டத்தட்ட கால் பங்கு போயிருக்கிறது. ஆக குழந்தைக்கு ஒன்றுமே போகாது என்று சொன்னால் பொய்.

போன குழந்தைகள் என்ன ஆனார்கள்? பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர் ஃபிரடெரிக் அமான்ட் குழு 2015-ல் இதைத்தான் பார்த்தது. தாய்க்குப் புற்றுநோய் இருந்தபோது வயிற்றில் இருந்த 129 குழந்தைகள், பெரும்பாலோர் கீமோவுக்கு ஆளானவர்கள். மற்ற குழந்தைகளோடு ஒப்பிட்டால் இதயம், அறிவு வளர்ச்சி, பொது வளர்ச்சி எதிலும் மருந்தால் பின்தங்கல் தெரியவில்லை. அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் காட்டியது வேறொன்று: குறைமாதத்தில் பிறந்தது. இதை மாமாவிடம் அழுத்திச் சொன்னேன். 'ஏழாம் மாசத்துலயே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டு அப்புறம் அம்மாவுக்கு வைத்தியம்' என்று யாராவது சொன்னால், குழந்தைக்கு நல்லது செய்வதாக நினைத்து அதற்குக் கெடுதல் செய்வதாக ஆகலாம். 37 வாரம் வரை வயிற்றில் வைத்திருக்க முடிந்தால் அதுதான் நல்லது.

வாரக் கணக்கு எப்படி ஓடும் என்று ஓர் உதாரணம். 16-வது வாரத்தில் நோய் உறுதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 18-ல் அறுவை சிகிச்சை. மயக்க மருந்தும் அறுவையும் கர்ப்பத்தில் செய்யக்கூடியவைதான். 21, 24, 27, 30-வது வாரங்களில் நாலு தடவை கீமோ. பிறகு நிறுத்திவிட வேண்டும். கடைசி மருந்துக்கும் பிரசவத்துக்கும் நடுவில் குறைந்தது மூன்று வாரமாவது வேண்டும், 35-வது வாரத்துக்குப் பிறகு கொடுக்கவும் மாட்டார்கள். கீமோ போட்டதும் ரத்த வெள்ளை அணுக்கள் இறங்கும். அந்த நேரத்தில் வலி எடுத்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் கிருமி தொற்றும். 37-ல் பிரசவம். மீதி மருந்துகள், கதிர் சிகிச்சை எல்லாம் அதற்குப் பிறகு.

கதிர் சிகிச்சை பிரசவத்துக்குப் பின்தான். டமாக்சிஃபென் மாத்திரையும் அப்படியே, குழந்தைக்கு ஊனம் வரலாம். டிராஸ்டுஸுமாப் என்ற ஊசி மருந்து பனிக்குட நீரையே வற்ற வைத்துவிடும். இவை தள்ளிப்போவதைப் பார்த்து 'ஏதோ அரைகுறை வைத்தியம்' என்று குடும்பம் பயப்பட வேண்டாம். கீமோ நடக்கும் மாதங்களில் எப்படியும் இவற்றின் முறை வந்திருக்காது. மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுப்பதும் இதனால் பலருக்குச் சாத்தியமாகிறது, அதற்குத் தேவையான கதிர் சிகிச்சை பிரசவத்துக்குப் பின்னால்தான் வந்து விழும்.

அந்த 27-க்கும் 30-க்கும் நடுவில் ஏழாம் மாச வளைகாப்பு வரும் என்பது பெல்ஜியத்துக்காரர்களுக்குத் தெரியாது. அப்போது தலையில் முடி இருக்காது. நம்ம பக்கம் மனைவி மாசமா இருக்கும்போது புருஷனே முடி வெட்டிக்கொள்ளாத வழக்கம் உண்டு. சிறுவாச்சூர் மதுரகாளிக்கோ சமயபுரத்துக்கோ முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாலும் பிள்ளை பிறந்த பிறகுதான் போவார்கள். அப்படியிருக்க ஊரே கூடி வளையல் போட வரும்போது தலையில் துணி கட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார வேண்டும். எத்தனை குடும்பம் இதற்குப் பயந்தே ஒரு சுற்று மருந்தைத் தள்ளிப்போடுமோ. விசேஷத்தை வீட்டோடு சுருக்கிக்கொள்ளுங்கள், மருந்துத் தேதியை மாற்றாதீர்கள் என்றேன். மாமா பதில் சொல்லவில்லை.

அடுத்தது இடம். இரண்டு மாவட்டத்திலும் பிரசவம் பார்க்க இடத்துக்குக் குறைவில்லை. அரியலூரில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கு. புற்றுநோய்க்கு என்றால் திருச்சி, தஞ்சாவூர், புதுச்சேரி ஜிப்மர், அடையாறு என்று கிளம்புகிறார்கள். அரியலூர்க்காரருக்காவது ரயில் உண்டு, பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது. வாந்தியோடு பஸ்ஸில் திரும்ப வேண்டும். தஞ்சாவூரிலேயே மகப்பேறு என்றால் நகருக்குள் ராஜா மிராசுதார் மருத்துவமனை, மற்ற வைத்தியம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில். கர்ப்பத்தைப் பார்க்கிறவரும் கட்டியைப் பார்க்கிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வாரக் கணக்குப் போட வேண்டிய நோய் இது. நம்ம ஏற்பாட்டில் அவர்களுக்கு நடுவே தபால்காரராக ஓடுவது புருஷனோ மாமனாரோதான்.

இதில் ஒரு விசித்திரம். கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தரும் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயர். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவரும் அவரேதான், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த ஒருவரிடம் சேர்ந்திருந்த இரண்டு வேலையும் இன்றைக்கு இரண்டு தனிக் கோப்பாக இருக்கின்றன. ஆகவே ஒரு நோட்டு போடுங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். கடைசி மாதவிலக்குத் தேதி, பிக்மி எண், ஒவ்வொரு மருந்தும் ஏறிய தேதி, அப்போது எத்தனையாவது வாரம், குழந்தை வளர்ச்சி ஸ்கேன். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அந்த நோட்டை நீட்ட வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகிற வழக்கம் வேறு இருக்கு. அந்த வீடு வேறு மாவட்டமாக இருந்தால் நோட்டும் கூடவே போக வேண்டும்.

கையெழுத்து விஷயம் ஒன்று. கலைப்பதென்று முடிவானால் 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து போதும். தாயின் உயிரை உடனே காப்பாற்றியாக வேண்டும் என்றால் வார வரம்பே கிடையாது. 18 வயது நிரம்பிய பெண் என்றால் சட்டம் கேட்பது அவள் சம்மதத்தை மட்டுமே. இவ்வளவு நேரம் பேசியதில் அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று மாமா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கேட்டேன். "அவகிட்ட இன்னும் முழுசா சொல்லல மாப்ள" என்றார். மறுநாள் சொன்னார்களாம். அவள் கேட்ட முதல் கேள்வி, பால் கொடுக்க முடியுமா என்பது.

பிரசவத்துக்குப் பிறகும் கீமோ தொடர்ந்தால் முடியாது, மருந்து பாலில் இறங்கும். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி இருப்பதால் குழந்தைக்கு முதல் நாட்களுக்காவது கேட்டுப் பார்க்கலாம். பால் வற்றுவதற்கு நம்ம பாட்டிமார் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்களே, அதை வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் 1988-ல் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவும் வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். அறுவை செய்த மார்பில் எதையும் கட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும், அது தனி.

கடைசியாகப் பணம். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகுது, அந்தப் பெண் பெயரை அப்பா வீட்டுக் கார்டில் எடுத்துவிட்டார்கள், இங்கே இன்னும் சேர்க்கவில்லை. மாமா திங்கட்கிழமை இ-சேவை மையத்துக்கும், அங்கிருந்து கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டுப் பிரிவுக்கும் அலைந்துவிட்டு வந்தார். அறுவைக்கு வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு அவளுக்குப் பதினெட்டாவது வாரம், மூணாவது நாள். மாமா இப்போது வாரத்தில்தான் கணக்குச் சொல்கிறார்.