மௌனமாகும் கடிகாரமும் பொய் சொல்லும் கடிகாரமும்

திருகோணமலைத் துறைமுகத்துக் கடல்மட்ட அளவி, நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதோடு எப்போது உயர்ந்தது என்பதையும் பதிவதால்தான் சுனாமி எச்சரிக்கைக்கு உதவுகிறது. 4000 மீற்றர் ஆழக்கடலில் சுனாமி மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் விரைவதால், கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினாலே அலையின் இருப்பிடம் கணக்கில் 12 கிலோமீற்றர் தள்ளிப்போகும். இத்தகைய தரவுகளை ஒப்பிடும் கணினிகள் தம் கடிகாரங்களை ஒன்றுபடுத்தக் கையாளும் முறை என்.டி.பி. எனப்படும் வலையமைப்பு நேர நெறிமுறை. அதை டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்டார். அது சுமப்பது உலகப் பொது நேரத்தையே என்பதால், 2006 ஏப்ரலில் இலங்கை தன் கடிகாரத்தை அரை மணி பின்னகர்த்தியபோது அந்நெறிமுறையில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கணினி, வழக்கமாக 64 முதல் 1024 செக்கனுக்கு ஒருமுறை, நேரச் சேவையகத்துக்குச் சிறு பொதியொன்றை அனுப்பி மறுமொழிக்குக் காத்திருக்கிறது. கடைசி எட்டு முயற்சிகளின் விளைவை எட்டு பிட்டுகளாகச் சேமித்து, எட்டை அடியாகக் கொண்ட எண்ணாகக் காட்டுவது ‘ரீச்’ என்ற நிரல். எட்டும் வென்றால் 377, ஒன்று தவறினால் 376, பின்னர் வெற்றிகள் தொடர்ந்தால் 375, 373, 367 என அந்தத் தழும்பு படிப்படியாக நகர்ந்து மறைந்து மீண்டும் 377 ஆகும். எண் 0 ஆகவே நின்றால் சேவையகம் செத்தது என்று முடிவுகட்டுவது அவசரம். வழியிலுள்ள ஃபயர்வால் ஒன்று யூ.டி.பி. 123ஆம் துறையை மூடியிருக்கலாம். (கணினியின் போர்ட்டையும் தமிழர் ‘துறை’ என்றே அழைப்பது இவ்வூருக்குப் பொருத்தந்தான்.)

மறுமொழி தவறாமல் வந்தும் நேரம் பிழைப்பதே கடினமான கோளாறு. பொதி போகவும் வரவும் சமநேரம் ஆகும் என்று நெறிமுறை கருதுவதால், போக 5 மில்லிசெக்கனும் வர 45 மில்லிசெக்கனும் எடுத்தால் கணிப்பு 20 மில்லிசெக்கன் பிசகும். இப்பிழை மொத்தப் பயணநேரத்தின் பாதிக்குள் அடங்கிவிடுவதால், பொய் நேரம் சொல்லும் சேவையகங்களை விலக்கும் மென்பொருளும் அதைப் பொய்யென்று குறிக்காமல் விடக்கூடும். வேறு வழிகளில் எட்டும் சேவையகங்களோடு ஒப்பிட்டால்தான் அது தனித்துத் தெரியும். சேவையகம் கொழும்பில் இருந்தால், திருகோணமலையிலிருந்து அது தரைவழியே ஏறத்தாழ 260 கிலோமீற்றர்; அவ்வளவு நீள ஒளியிழையில் ஒளி போய்த் திரும்ப 3 மில்லிசெக்கன்கூட ஆகாது. அளவீடு 50 மில்லிசெக்கன் காட்டினால், பொதி நெரிசலில் நிற்கிறது, அல்லது வெளிநாடு சுற்றி வருகிறது. டிரேஸ்ரூட் கட்டளை அவ்வழியின் படிகளைக் காட்டும். ஆனால் அது காட்டுவது போகும் வழியை மட்டுமே என்பதால், மறுமுனையிலிருந்தும் அதையே இயக்கிப் பார்க்க வேண்டும்.