வீட்டு உரிமையாளரும் கட்டட ஒப்பந்தக்காரரும்

நம் நாட்டில் நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய முதலீடு சொந்த வீடேயாகும். வைப்பு நிதி, நகை, வங்கிக் கடன் ஆகிய அனைத்தும் அதில் சென்று சேர்கின்றன. ஆயினும், ஒரு மூட்டை அரிசி வாங்கும்போது காட்டும் எச்சரிக்கையைக்கூடப் பலர் ஒப்பந்தக்காரரை அமர்த்தும்போது காட்டுவதில்லை. வாய்ச்சொல்லே உடன்படிக்கையாகிவிடுகிறது. பூசல்கள் பலவற்றின் வேர் இங்கேதான் உள்ளது.

ஒப்பந்த முறைகள்

தனியார் வீடுகளைக் கட்டுவதில் மூன்று முறைகள் பெருவழக்காக உள்ளன. முதலாவது, கூலி ஒப்பந்தம். இதில் சிமெண்ட், கம்பி, செங்கல், மணல் ஆகியவற்றை உரிமையாளரே வாங்கித் தருவார்; ஒப்பந்தக்காரர் ஆட்களை மட்டும் அமர்த்துவார். பொருளின் தரம் உரிமையாளர் கையில் இருக்கும். ஆனால் சேதாரமும் அவர் தலையிலேயே விழும். இரண்டாவது, பொருளும் கூலியும் சேர்ந்த சதுர அடி வீதம். இது கணக்கிட எளிது. ஆனால் படிக்கட்டு, மதிற்சுவர், கழிவுநீர்த் தொட்டி போன்றவை அவ்வீதத்தில் அடங்குமா என்பதை முன்னரே எழுதாவிடில் சிக்கல் எழும். மூன்றாவது, வேலை வாரியான வீதம். செய்த வேலையை அளந்து பணம் தருவது இம்முறை. அரசுப் பணிகளில் அளவுப் புத்தகம் வைத்துப் பின்பற்றப்படுவதும் இதுவே.

எம்முறையாயினும் வரைபடம், பொருள்களின் விவரக் குறிப்பு, தொகை, காலவரையறை, கூடுதல் வேலைக்கான வீதம் ஆகிய ஐந்தும் எழுத்தில் இருத்தல் வேண்டும். 'நல்ல சிமெண்ட்' என்று எழுதுவது போதாது. வகையும் கலவை விகிதமும் குறிக்கப்பட வேண்டும்.

பணம் தரும் முறை

இருவருக்கும் இடையிலான உறவின் உயிர்நாடி பணம் தரும் முறையே. பணம் வேலையை முந்தினால், ஒப்பந்தக்காரருக்கு வேலையை விரைந்து முடிக்கும் தூண்டுதல் குறைகிறது. உரிமையாளரின் பிடியும் தளர்கிறது. வேலை பணத்தை முந்தினால், ஒப்பந்தக்காரர் வட்டிக்குக் கடன் வாங்க நேர்கிறது. அந்த வட்டியை ஈடுகட்டக் கம்பியிலும் சிமெண்டிலும் சிக்கனம் புகுகிறது. எனவே இரண்டும் இணைந்து செல்வதே இரு தரப்பினருக்கும் நலம் பயக்கும்.

எடுத்துக்காட்டாக, 20 லட்சம் ரூபாய் ஒப்பந்தத்தை இவ்வாறு பிரிக்கலாம்: முன்பணம் 10 விழுக்காடு, அடித்தளம் முடிந்ததும் 20, சன்னல் மேல்மட்டத்தில் 20, கூரைத் தளம் முடிந்ததும் 25, பூச்சும் கதவுகளும் முடிந்ததும் 15, வீட்டை ஒப்படைக்கும்போது 5. எஞ்சிய 5 விழுக்காடு, அதாவது ஒரு லட்சம் ரூபாய், ஓராண்டுக்குப் பிடித்தமாக இருக்கும். ஒரு மழைக்காலம் கடந்தால்தான் கூரைக் கசிவு தெரியவரும் என்பதே இப்பிடித்தத்தின் நியாயம்.

2016இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்திலும் உதவித்தொகை கட்டுமான நிலைகளுக்கேற்பத் தவணைகளாகவே பயனாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. அத்திட்டத்தில் ஒப்பந்தக்காரரை ஈடுபடுத்துவதற்கு இடமில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

மேற்பார்வை

தரம் என்பது அன்றாடக் கவனத்தில் உள்ளது. இந்தியத் தர நிர்ணயம் 456 (2000), சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டால் ஆன கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாட்களும், கலப்புச் சிமெண்டாயின் 10 நாட்களும் ஈரமாக வைத்திருக்கப் பணிக்கிறது. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டாயின், 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாட்களுக்கு முன்னும், அதற்கு மேற்பட்டதாயின் 14 நாட்களுக்கு முன்னும் அகற்றலாகாது. அவசரப்படுத்தும் உரிமையாளரும் இவ்விதிகளை மீறக் காரணமாகிறார். வேலை நடுவில் சுவரை இடித்து மாற்றச் சொல்வதும் அத்தகையதே. மாற்றம் தேவையெனில், அதன் செலவையும் கூடுதல் நாட்களையும் எழுதி, இருவரும் கையொப்பமிட்ட பின்னரே வேலை தொடங்க வேண்டும்.

சட்டத்தின் துணை

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, தாமதத்திற்கென ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தாலும், அத்தொகைக்கு மேற்படாத நியாயமான ஈட்டுத் தொகையே கிடைக்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'வீடு கட்டுதல்' 1993இல் சேவையாகச் சேர்க்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைத் தொடர்கிறது. வழக்குக்கான காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். 2016ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமோ விற்பனைக்காகக் கட்டுவோரை நோக்கியது. தன் மனையில் தனக்கென வீடு கட்டுபவர் அதனை நம்பியிருத்தல் இயலாது.

ஆயினும் வழக்கு மன்றத்தில் வெல்லும் தீர்ப்பைவிட, வேலை தொடங்குமுன் எழுதப்படும் இரண்டு பக்க உடன்படிக்கை மதிப்புமிக்கது. அது உரிமையாளரின் சேமிப்பைக் காக்கிறது. நேர்மையான ஒப்பந்தக்காரரின் நற்பெயரையும், வாரக் கூலியை நம்பியுள்ள கொத்தனார், சித்தாள் ஆகியோரின் வாழ்வையும் அதுவே காக்கிறது.