செல்லப்பிராணிகளின் மலப் பரிசோதனை அவசியமே

விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றியதுடன் கடமை முடிந்துவிட்டதாகவே செல்லப்பிராணி வளர்ப்போரில் பலர் கருதுகின்றனர். குடற்புழுக்களை மறந்துவிடுகின்றனர். நாய்க்குட்டிகள் தாயின் கருவிலேயே வட்டப்புழுத் தொற்றுக்குள்ளாகின்றன. பூனைக்குட்டிகளுக்கோ அது தாய்ப்பால் வழியாக வருகின்றது. மலத்துடன் வெளியேறும் முட்டைகள் மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தொற்றும் தன்மையை அடைந்து, வருடக்கணக்கில் அழியாதிருக்கும். முற்றத்தில் விளையாடும் சிறுவர்கள் அவற்றை விழுங்க நேரின், புழுவின் குடம்பி கண்ணை அடைந்து பார்வையையே பறித்துவிடக்கூடும்.

பிராணி கொழுத்துத் திரிவதை மட்டும் கொண்டு அதற்குப் புழுவில்லை என முடிவுசெய்ய முடியாது. முட்டைகள் நுணுக்குக்காட்டியிலேயே தென்படும். ஆகவே, நாய்க்குட்டிகளுக்கு இரண்டாவது வாரத்திலிருந்தே மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி பூச்சி மருந்து கொடுப்பதும், வளர்ந்த நாய், பூனைகளின் மலத்தை வருடத்திற்கு ஒரு முறையேனும் பரிசோதிப்பதும், கழித்த மலத்தை அன்றாடம் அகற்றுவதும் இன்றியமையாதன. பூச்சி மருந்தின் விலை சிறிது. பறிபோன பார்வையை மீட்பதோ அரிது.