விதையை உடைக்காமல் மருந்தை அளக்கலாம்

மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடும் என் சித்தப்பா வீட்டிற்கு வந்திருந்தார். நான் வாங்கிய புதுக் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம வெதைல எத்தன மருந்து இருக்குதுன்னு பாக்க முடியுமா கண்ணு?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடிய கேள்வி இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

கண்வலிக்கிழங்கு என்பது நம் மாநில மலரான செங்காந்தள்தான். இதன் விதையில் உள்ள கோல்ச்சிசின், கவுட் என்னும் மூட்டு நோய்க்கு மருந்து. (விதை கடும் நஞ்சு. வாயில் வைத்துவிடாதீர்கள்!) மருந்தின் அளவு ஒரு சதவீதத்திற்கும் குறைவு. ஆனால் சித்தப்பாவிடம் வாங்கும் வியாபாரி, விதையைக் கையில் அள்ளிப் பார்த்தே விலை சொல்கிறார். ஆய்வகத்தில் அளக்க வேண்டுமென்றால் விதையை அரைத்து, கரைப்பானில் ஊற வைத்து, ஹெச்.பி.எல்.சி. கருவியில் செலுத்த வேண்டும். அரைத்த விதை போனது போனதுதான்.

இதற்கு மாற்று வழி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. 1800ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தது. 1960களில் அமெரிக்க வேளாண் துறையின் கார்ல் நாரிஸ், இதைக் கொண்டு தானியங்களை அளக்கும் வழியைக் காட்டினார். 780 முதல் 2,500 நானோமீட்டர் வரையிலான ஒளியை விதை மீது செலுத்தினால், உள்ளிருக்கும் பொருட்கள் ஆளுக்குக் கொஞ்சம் உறிஞ்சிக் கொள்ளும். மீதி திரும்பி வரும். திரும்பியதை அளந்தால் நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட ஒரு பைல் கிடைக்கும்.

அந்த எண்களில் கோல்ச்சிசின் எங்கே? நேரடியாகத் தெரியாது. இங்குதான் கம்ப்யூட்டர் வருகிறது. முதலில் பல மாதிரி விதைகளை ஒளியில் அளந்து, பின் அவற்றையே அரைத்து ஆய்வகத்திலும் அளக்க வேண்டும். இரண்டையும் கொடுத்தால், 'பார்ஷியல் லீஸ்ட் ஸ்கொயர்ஸ்' என்னும் கணக்கு முறை இரண்டிற்கும் உள்ள தொடர்பைக் கண்டறியும். அதன்பின் புதிய விதையை அரைக்க வேண்டியதில்லை. ஒரு நிமிடத்திற்குள் மதிப்பீடு வந்துவிடும். ஆனால் ஆய்வகத்தில் தவறாக அளந்திருந்தால், கம்ப்யூட்டரும் அதே தவறைத் தயங்காமல் சொல்லும். இவ்வளவு குறைந்த அளவில் உள்ள பொருளைப் பிடிப்பதும் எளிதல்ல.

இத்தகைய பைல் கிடைத்தால் எக்செல்லில் திறந்திடுங்கள். இரண்டு நெட்டு வரிசைகளையும் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் சென்று ஸ்கேட்டர் சார்ட்டில் கிளிக் செய்திடவும். 1,450, 1,940 நானோமீட்டர் அருகே மேடு தெரிந்தால் அது தண்ணீர். ஈரமான விதையில் இந்த மேடு பெரிதாகி மற்றவற்றை மறைத்துவிடும். கணக்கு போட 'ஆர்' என்னும் இலவச சாப்ட்வேர் போதும். ஒளியை அளக்கும் கருவிதான் நம்மிடம் இல்லை.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் விளக்கினேன். "ஈரமா இருந்தா தப்பாச் சொல்லுமா? அந்த வியாபாரியும் அதைச் சொல்லித்தானுங்க வெலையக் கொறைக்கறாரு" என்றார், என் மனைவியைப் பார்த்து.