டாக்டரிடம் சொன்னால் துப்பாக்கி போய்விடுமா?

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைக்கு ஒருவர் மூட்டுவலி என்று போனாலும், நடுவில் ஒரு கேள்வி வந்து விழும். அண்மையில், செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா? 2018-ல் தொடங்கிய இந்த விசாரிப்பு இப்போது வழக்கமான நடைமுறை. ஆமாம் என்று சொல்ல வந்து, ‘இல்லை’ என்று முடித்துக்கொள்பவர்களும் உண்டு. பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற கூச்சம் ஒன்று. வீட்டில் இருக்கும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் இன்னொன்று.

இந்த இரண்டாவது பயம் நமக்குச் சட்டென்று பிடிபடாது. இங்கே துப்பாக்கி லைசென்ஸ் என்றால் கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினர் கையில் துப்பாக்கியை நாம் பார்ப்பது பெரும்பாலும் பேங்க் வாசலில்தான். அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது 1791-லேயே அரசியல் சாசனத்தில் ஏறிவிட்ட உரிமை. 2015-ல் நடந்த தேசிய ஆய்வு ஒன்றின்படி, முன்னாள் படைவீரர்களில் 45 சதவீதம் பேர் துப்பாக்கி வைத்திருந்தார்கள்.

பயம் முழுக்கக் கற்பனையும் இல்லை. மனநலம் குன்றியவர் என்று முறைப்படி முடிவு செய்யப்பட்டவரும், மனநல மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது 1968-ம் ஆண்டுச் சட்டம். 1997-ல் வந்த விதி, தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள இயலாதவரையும் இந்த வரையறைக்குள் கொண்டுவந்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 2024 தொடக்கம் வரை இருந்த நடைமுறை இது: வியட்நாம் போருக்குப் போய்வந்த ஒரு பெரியவருக்கு ஞாபகமறதி என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் வரும் உதவித்தொகையைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்க முடியவில்லை. அவர் மனைவியை நிதிப் பொறுப்பாளராகப் போடலாம் என்று முன்னாள் படைவீரர் நலத்துறை நினைக்கிறது. அதைப் பற்றி வரும் கடிதத்திலேயே, இனி துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ தடை வரலாம் என்ற எச்சரிக்கையும் இருக்கும். முடிவானதும் அவர் பெயர் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைப் பட்டியலுக்குப் போய்விடும். அவர் யாரையாவது மிரட்டினாரா, தன்னை மாய்த்துக்கொள்ளப் பார்த்தாரா என்ற விசாரணை கிடையாது. நீதிபதியும் கிடையாது. இப்படிப் போன பெயர்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல் என்பது இந்த முறையை எதிர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு.

பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய்) என்று டாக்டர் எழுதிவிட்டதால் மட்டும் பெயர் பட்டியலுக்குப் போகாது. தானே விரும்பி மருத்துவமனையில் சேர்ந்தாலும் போகாது. ஆனால் சட்டத்தின் நுணுக்கம் யார் காதிலும் ஏறுவதில்லை. ‘வாயைத் திறந்தால் துப்பாக்கி போச்சு’ என்ற பேச்சுதான் ஏறுகிறது.

2024 மார்ச்சில் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தோடு சேர்த்து ஒரு நிபந்தனை வந்தது. செனட்டர்கள் ஜான் கென்னடி, ஜெர்ரி மோரன் இருவரும் கொண்டுவந்தது. இவரால் இவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்று நீதிபதி உத்தரவிட்டாலொழிய நலத்துறை பெயரை அனுப்பக் கூடாது. பேங்க் பாஸ்புக்கைப் பார்க்கத் தெரியாதவர் ஆபத்தானவர் என்று ஒரு குமாஸ்தா எப்படி முடிவு செய்யலாம் என்றார்கள் ஆதரவாளர்கள். கடுமையான மனநோய் உள்ளவர்கள் கையிலும் துப்பாக்கி போய்ச் சேரும் என்றார்கள் எதிர்ப்பாளர்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. பழைய விதி பார்த்தது பணக் கணக்கை; பார்க்க வேண்டியது ஆபத்தை.

அந்த ஆபத்து எவ்வளவு என்பதற்கு நலத்துறையின் கணக்கே இருக்கிறது. 2022-ல் தற்கொலை செய்துகொண்ட முன்னாள் படைவீரர்கள் 6,407 பேர். நாளொன்றுக்குச் சராசரி 17.6. அதில் துப்பாக்கியால் போனவர்கள் 73.5 சதவீதம். மற்ற பல வழிகளில் பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. துப்பாக்கியில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. சாகத் தோன்றும் அந்த வேகமோ பலருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் துப்பாக்கி எட்டாத தூரத்தில் இருந்தால் போதும். இஸ்ரேல் ராணுவம் 2006-ல் வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் இளம் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகும்படி செய்தது. அவர்களிடையே தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது.

அமெரிக்க ராணுவத்தில் வீட்டுத் துப்பாக்கி பற்றி வீரரிடம் கேட்பதற்கே ஒரு காலத்தில் தடை இருந்தது. 2011 ஜனவரியில் வந்த சட்டம், வீரர்கள் சொந்தமாக வீட்டில் வைத்திருக்கும் துப்பாக்கி பற்றி ராணுவம் விவரம் சேகரிக்கக் கூடாது என்றது. அப்போது ராணுவத்தின் துணைத் தலைமைத் தளபதியாக இருந்த பீட்டர் சியரெல்லி அதை வெளிப்படையாக எதிர்த்தார். வீரன் மனம் உடைந்து நிற்கும்போது, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று அவன் அதிகாரி கேட்க முடியாதா? இரண்டு ஆண்டு கழித்து, சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் கேட்கலாம் என்று திருத்தினார்கள்.

கேட்டும் பார்த்தும் ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் காட்டியது. ராணுவ ரிசர்வ் வீரர் ஒருவரின் போக்கு சரியில்லை என்று 2023 மே மாதமே குடும்பத்தார் போலீஸிடம் சொன்னார்கள். ஜூலையில் இரண்டு வாரம் மனநல மருத்துவமனையில் இருந்தார். ஆகஸ்டில் துப்பாக்கிக்கு சைலன்சர் வாங்கப் போனவர், மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதுண்டா என்ற படிவக் கேள்விக்கு ஆமாம் என்றே எழுதினார். கடைக்காரர் சைலன்சரைக் கொடுக்கவில்லை. அக்டோபர் 25-ல் அவர் 18 பேரைச் சுட்டுக் கொன்றார். அவரைக் காவலில் எடுத்துத் துப்பாக்கிகளை வாங்கிவைக்கப் போதிய முகாந்திரம் போலீஸுக்கு இருந்தது என்றது பிறகு விசாரித்த கமிஷன். ஒரு கடைக்காரருக்கு இருந்த எச்சரிக்கை அதிகாரிகளுக்கு இல்லாமல் போனது.

படைவீரர்கள் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. டேவிட் பெட்ரேயஸ், ஸ்டான்லி மக்கிரிஸ்டல் போன்ற தளபதிகள், முன்னாள் கடற்படை விமானியும் விண்வெளி வீரருமான மார்க் கெல்லியோடு சேர்ந்து 2016-ல் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு ஒரு கூட்டணி கண்டார்கள். நாட்டுக்காகச் சண்டை போட்டவனிடமா உரிமையைப் பறிப்பது என்று கொதிப்பவர்களும் அதே படையில் இருந்து வந்தவர்கள்தான். இரு தரப்பும் ஓரளவு ஒத்துப்போவது, யாரும் பிடுங்காமல் தானாகக் கொடுத்துவைக்கும் ஏற்பாட்டில். ஓவர்வாட்ச் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு, கூட இருந்த சிப்பாய்களுக்கே பயிற்சி தருகிறது: நண்பன் தடுமாறினால் நேரே போய், ‘கொஞ்ச நாளைக்கு உன் துப்பாக்கி என்னிடம் இருக்கட்டும்’ என்று கேள். பெயர் பட்டியலுக்குப் போவதில்லை. தேறிய பிறகு பொருள் திரும்பிவரும். சில துப்பாக்கிக் கடைகளும் இப்படிப் பத்திரப்படுத்தித் தருகின்றன. நலத்துறை பூட்டுகளை இலவசமாகக் கொடுக்கிறது. சட்டம் போட்டுச் சாதிக்க முடியாததை இந்தச் சின்ன ஏற்பாடுகள் சாதிக்கக் கூடும். கேட்பவனும் துப்பாக்கி வைத்திருப்பவன் என்பதால் அவன் பேச்சு எடுபடுகிறது.

அமெரிக்கப் படைவீரர்கள் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் எந்த நேரமும் பேசலாம். நம் ஊரில் மனம் தாங்காதவர்கள் அழைக்க வேண்டிய இலவச எண் 14416, டெலி-மானஸ், தமிழிலேயே பேசலாம்.