முதல் முடக்காமல் கடை!
பெங்களூருவில் பிறந்த 'செல்போன் வியாபாரம்' சொல்லும் பாடம்

கடை வைக்க வேண்டும் என்றால் முன்பெல்லாம் மூன்று தேவை. இடம், அட்வான்ஸ், சரக்கு. பெங்களூருவில் ஒரு சிறிய கடைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்குள் சம்பளக்காரரின் சேமிப்பு கரைந்துவிடும். அதற்குப் பிறகுதான் சரக்குக்குப் பணம் தேட வேண்டும்.

இன்று கையில் ஒரு செல்போன் இருந்தால் போதும் என்கிறார்கள். சேலை, நைட்டி, குழந்தைகள் உடுப்பு ஆகியவற்றின் படங்களை 'வாட்ஸ்அப்' மூலம் அக்கம்பக்கத்தாருக்கும் உறவினருக்கும் அனுப்பி விற்பது, மாதச் சம்பளம் போதாத பல குடும்பங்களில் பெண்களின் தொழிலாகி இருக்கிறது.

இதில் லாபம் பார்த்தவர்களும் உண்டு. பீரோ நிறையச் சேலை தேங்கிப் போனவர்களும் உண்டு. வித்தியாசம் எங்கே இருக்கிறது?

இதற்குப் பதில் பெங்களூருவிலேயே இருக்கிறது. இந்த வியாபாரத்தில் கோடிகளைக் கண்ட இரண்டு கம்பெனிகளும் இங்கே பிறந்தவைதான். இரண்டுமே முதலில் போட்ட திட்டத்தைக் கைவிட்டுத்தான் பிழைத்தன.

புத்தகத்தில் தொடங்கியது

2007-ம் ஆண்டு. டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த சச்சின் பன்சால், பின்னி பன்சால் என்ற இரு வாலிபர்கள் பெங்களூருவில் அமேசான் கம்பெனி வேலையை விட்டார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் இவர்கள் உறவினர்கள் அல்ல.

இணையத்தில் உள்ள கடைகளின் விலையை ஒப்பிட்டுக் காட்டுவதே அவர்களுடைய முதல் யோசனை. ஆனால் ஒப்பிடுவதற்குப் போதிய கடைகளே அப்போது நம் நாட்டில் இல்லை. 'அப்படியானால் கடையை நாமே வைப்போம்' என்று முடிவு செய்தார்கள்.

கோரமங்களாவில் ஒரு வீட்டில், சுமார் ரூ.4 லட்சம் முதலுடன் 'பிளிப்கார்ட்' தொடங்கியது. விற்றது புத்தகம் மட்டுமே. புத்தகங்களை வாங்கி அடுக்கவில்லை. ஆர்டர் வந்த பிறகே புத்தகத்தைத் தேடி வாங்கி அனுப்பினார்கள்.

முன்பணம் கட்ட மக்கள் தயங்கினார்கள். அதனால் 2010-ல் 'பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் கொடுங்கள்' என்ற முறையைக் கொண்டு வந்தார்கள். வியாபாரம் பெருகியது. 2018-ல் அமெரிக்காவின் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து, இந்தக் கம்பெனியில் 77 சதவீதப் பங்கை வாங்கியது.

தோற்ற திட்டம், ஜெயித்த திட்டம்

அடுத்த கதை 'மீஷோ'. இதன் நிறுவனர்கள் விதித் ஆத்ரே, சஞ்சீவ் பர்ன்வால். இவர்களும் டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள்.

2015-ல் இவர்கள் தொடங்கியது 'பேஷ்நியர்' என்ற செயலி. பக்கத்துத் துணிக்கடையில் உள்ள உடுப்புகளைச் செல்போனில் பார்த்து ஆர்டர் கொடுக்கலாம். பொருள் வீட்டுக்கு வரும். கேட்க நன்றாக இருந்தது, ஓடவில்லை. வீட்டில் இருந்தபடியே துணி வாங்குபவர், பக்கத்துக் கடையில் இருப்பது மட்டும் போதும் என்று நினைப்பதில்லை. ஆயிரம் ரகம் பார்க்க ஆசைப்படுகிறார்.

அந்தத் திட்டத்தை மூடினார்கள். சிறு கடைக்காரர்கள் 'வாட்ஸ்அப்'பில் படம் அனுப்பி விற்பதைக் கவனித்து, அவர்களுக்கு உதவும் செயலியாக 'மீஷோ'வை அமைத்தார்கள். அங்கே இன்னொரு விஷயம் தெரிய வந்தது. அதை மும்முரமாகப் பயன்படுத்தியவர்களில் பலருக்குக் கடையே இல்லை! வீட்டில் இருக்கும் பெண்கள், யாரிடமோ உள்ள சரக்கின் படத்தைத் தோழிகளுக்கு அனுப்பி, இடையில் சிறு லாபம் பார்த்து வந்தார்கள். அவர்களுக்காகவே கம்பெனி தன்னை மாற்றிக்கொண்டது. 2019-ல் பேஸ்புக் இதில் முதலீடு செய்தது. 2025 டிசம்பரில் மீஷோ பங்குச் சந்தைக்கு வந்தது.

பீரோவில் தூங்கும் லாபம்

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் ரூ.400 வீதம் 20 சேலை வாங்குகிறார். முதல் ரூ.8,000. ஒன்று ரூ.550 என்று 14 சேலை விற்கிறார். கைக்கு வந்தது ரூ.7,700. போட்ட முதலே இன்னும் ரூ.300 குறைகிறது. லாபம் முழுவதும் மீதி 6 சேலைகளாகப் பீரோவில் தூங்குகிறது. கடன் வாங்கி முதல் போட்டிருந்தால் வட்டி வேறு.

இன்னொருவர் படத்தை மட்டும் அனுப்பி, ஆர்டர் வந்த பிறகு சேலைக்கு ரூ.50 வைத்து 14 விற்கிறார். கிடைப்பது ரூ.700தான். ஆனால் கைமுதல் ஒரு பைசா போகவில்லை. எந்த நிறம் ஓடும், யார் பணத்தை இழுத்தடிப்பார், எத்தனை சேலை திரும்பி வரும் என்பதையும் தெரிந்துகொள்கிறார்.

முதல் சில மாதங்களுக்கு இரண்டாவது வழியே நல்லது.

அந்த வழியும் மாறியது

ஆனால் அதுவும் நிலையானதல்ல. 2021 முதல் மீஷோ, வாங்குவோர் நேரடியாக வாங்கும் முறைக்குத் திரும்பியது. விலை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ரூ.300 என்று செல்போனில் தெரியும் சேலைக்கு ரூ.350 ஏன் கொடுக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் பதில் இல்லை. கம்பெனியை வளர்த்த பெண்களே வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

செயலியில் கிடைக்காததைக் கொடுப்பதே அந்த வேறு வழி. சேலைக்கு பால்ஸ் அடித்து, பிளவுஸ் தைத்துக் கொடுக்கலாம். இளம்பிள்ளைச் சேலை, சின்னாளபட்டி சுங்குடி, திருப்பூர் பனியன் என்று ஊருக்குப் போய்வரும்போது நேரில் பார்த்து வாங்கி வரலாம். தெரிந்தவர்களுக்குத் தவணை கொடுக்கலாம். துணியைத் தொட்டுப் பார்க்க வைப்பதும் நம்பிக்கையும் செல்போனில் வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆண்டுக்கு ரூ.40 லட்சத்துக்குள் பொருள் விற்பவர், கர்நாடகத்துக்குள் மட்டும் விற்றால், பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. இணையக் கடைகள் மூலம் விற்பவருக்கு முன்பு இந்தச் சலுகை இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் அவர்களுக்கும் உண்டு. பான் கார்டு கொண்டு ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பதிவெண் மட்டும் பெற வேண்டும்.

இங்குள்ள தமிழர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சொந்தச் சரக்கை ஓசூரில் இருக்கும் தங்கைக்கு விற்று அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனைதான். அதற்குப் பதிவு தேவை. சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை, செல்போன் மூலம் வந்த பணத்தைக் கணக்கிட்டு ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருவில் பல கடைக்காரர்கள் 'கியூ.ஆர்.' அட்டைகளையே கழற்றி வைத்தார்கள். பிறகு அன்றைய முதலமைச்சர் சித்தராமையா வியாபாரிகளை அழைத்துப் பேசினார்.

அட்டையைக் கழற்றுவது பரிகாரம் அல்ல. வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். சீட்டுப் பணம், கைமாற்று, ஊரிலிருந்து வந்த பணம் எதுவும் அதில் கலக்கக் கூடாது. வாங்கியது, விற்றது, திரும்பி வந்தது, வரவேண்டிய பாக்கி ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் அன்றன்றே எழுத வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நோட்டைப் புரட்டினால், எந்தச் சரக்கை நிறுத்த வேண்டும், எதைக் கூட்ட வேண்டும் என்று அதுவே சொல்லும். அது சொல்கிறபடி மாறத் துணிந்தவருக்குத் தொழில் நிற்கும்.