மருத்துவருக்கு நாம் பட்ட கடன்

நல்ல சமாரியன் உவமையை நாம் சிறு வயது முதற்கொண்டே கேட்டு வருகிறோம். குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் விலகிச் சென்றவர்களை மனத்துள் கடிந்துகொள்கிறோம். ஆயினும், விலகிச் சென்றவர் வரிசையில் நாமே நின்ற காலமும் உண்டு. அதுவே 2020ஆம் ஆண்டின் கொரோனாக் காலம்.

அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. ஆலயக் கதவுகளும் அடைபட்டன. உயிர்ப்புப் பெருவிழாவை இல்லத்திலேயே கொண்டாடினோம். அப்போதும் அடைபடாத வாசல் ஒன்று பாளையங்கோட்டையில் இருந்தது. நெல்லை மக்கள் ‘ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி’ என்றழைக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே அது. தாமிரபரணிக் கரை ஊர்களின் நோயாளிகள் பலர் அங்கேதான் அடைக்கலம் தேடினர்.

கொரோனாப் பிரிவில் பணியாற்றிய மருத்துவரின் ஒரு நாளைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். தலைமுதல் கால்வரை காற்றுப் புகாத கவச உடை, இறுகிய முகக்கவசம், கண்ணாடி, இரட்டைக் கையுறை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மெல்லிய பருத்திச் சட்டையே பாரமாகும். அவரோ பணிநேரம் முடியும்வரை ஒரு மிடறு நீரும் அருந்த இயலாது. இயற்கைக் கடன் கழிக்கவும் செல்ல இயலாது. மூச்சின் ஆவி கண்ணாடியில் படிந்து பார்வையை மறைக்கும். அந்நிலையிலும் நரம்பைத் தேடி ஊசி ஏற்ற வேண்டும். உடையைக் கழற்றும்போதோ அபாயம் மிகுதி. வெளிப்புறத்துக் கிருமி கையில் பட்டுவிடக்கூடும். களைத்துச் சோர்ந்த அவ்வேளையில்தான் அவருக்கு மிகுந்த கவனம் தேவைப்பட்டது.

பணி முடிந்தும் பலர் இல்லம் செல்லவில்லை. தனித்துத் தங்கி, பெற்ற பிள்ளைகளைக் கைப்பேசித் திரையில் மட்டுமே கண்டனர். உறவினர் அருகில் வரவியலாத காரணத்தால், மரிக்கும் நோயாளி இறுதியாகக் கண்டது பல வேளைகளில் மருத்துவரின் அல்லது செவிலியரின் கண்களையே. அத்துயரச் செய்தியை வீட்டாருக்குத் தொலைபேசியில் அறிவிக்கும் பாரமும் அவர்களுடையதே.

2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்கே தவிக்க நேர்ந்தது. ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் நம் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலிருந்தும் மருத்துவமனைகளுக்குத் திரவ ஆக்சிஜன் அனுப்பப்பட்டது.

இவ்வளவையும் தாங்கியவர்களுக்கு நாம் செய்தது என்ன? 2020 மார்ச் 22 மாலை வாசலில் நின்று கைதட்டினோம். ஒரு திங்கள் கழியுமுன்னரே, ஏப்ரல் 19 அன்று, சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் உயிர்நீத்தார். அன்று இறை இரக்க ஞாயிறு. அவரது உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்க இயலாமல், அண்ணாநகர் வேலங்காட்டுக்குக் கொண்டு சென்றனர். அங்கே ஒரு கூட்டம் கல்லும் கட்டையும் கொண்டு தாக்கிற்று. குடும்பத்தாரும் அகல நேர்ந்தது. பின்னர் சக மருத்துவர் ஒருவரே நள்ளிரவில் திரும்பி வந்து, தம் கையாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்.

இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்றென மறைக்கல்வியில் மனனம் செய்தவர்கள் நாம். அண்டை வீட்டார் நகைத்தபோதும் இறந்தோரைப் புதைத்த தோபித்தை அறிந்தவர்கள் நாம். அந்த இரவில் தோபித்தின் பணியைச் செய்தவர் ஒரு மருத்துவர். நகைத்த அண்டை வீட்டாரைப் போல் நின்றது சமுதாயம்.

கண்ணியமான அடக்கமும் மனித உரிமையே என்பதைச் சென்னை உயர்நீதிமன்றம் எடுத்துரைத்தது. அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என அதே ஏப்ரலில் தமிழக அரசு அவசரச் சட்டம் இயற்றிற்று. சட்டம் கையைத் தடுக்கும். உள்ளத்து அச்சத்தை அன்பு ஒன்றே அகற்றும்.

பெருந்தொற்று ஓய்ந்துவிட்டது, கடன் தீரவில்லை. மருத்துவமனையில் காத்திருக்க நேர்கையில் பொறுமை காப்போம். துயர மிகுதியிலும் மருத்துவர்மீது கையோங்காதிருக்க நம் இளைஞரைப் பழக்குவோம். மருத்துவரான புனித லூக்காவின் திருநாளாகிய அக்டோபர் 18 அன்று, நம் பங்கின் மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் அனைவரையும் திருப்பலியில் நினைவுகூர்வோம். இன்றிரவு குடும்ப செபத்தில், நமக்காக உயிர்நீத்த மருத்துவர்களுக்காக ஒரு பத்து மணி செபமாலையேனும் சொல்வோமா?